எத்துப்பல்லா, பின்தங்கிய தாடையா?

தில்லியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பற்சீரமைப்பு மருத்துவம் பார்த்து வருகிறேன். நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரில் பலர் முதலில் சொல்வது ஒன்றுதான். "டாக்டர், குழந்தைக்கு மேல் பல் எடுப்பாக இருக்கிறது. கம்பி கட்டி உள்ளே தள்ளிவிடுங்கள்."

பிள்ளையை நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார வைத்துப் பார்த்தால், பல நேரங்களில் மேல் பல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. கீழ்த்தாடைதான் பின்னால் நிற்கிறது. ஓர் ஓட்டப்பந்தயத்தில் ஒருவன் பின்தங்கினால் மற்றவன் முன்னால் ஓடுவதாகத் தெரியும் அல்லவா, அதுபோலத்தான் இதுவும். குறை கீழே இருக்க, பழி மேல் பல்லின் மீது விழுகிறது.

இது சொல் விளையாட்டு அன்று. பல்லை எந்த வயதிலும் நகர்த்தலாம். நாற்பது வயதிலும் நகர்த்தலாம். ஆனால் தாடை எலும்பின் வளர்ச்சியைத் துணைக்கு அழைத்துக்கொள்ள ஒரு பருவம்தான் உண்டு. அது போனால் திரும்ப வராது. இதைப் பெற்றோர் காலத்தோடு அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899-ஆம் ஆண்டில் பல்வரிசைக் குறைகளை மூன்று வகையாகப் பிரித்தார். கீழ்ப் பல்வரிசை மேல் வரிசைக்குப் பின்னால் அமைவது இரண்டாம் வகை. இன்றும் நாங்கள் இந்தப் பெயரைத்தான் பயன்படுத்துகிறோம். இவ்வகைப் பிள்ளைகளை ஆராய்ந்த மெக்நமாரா என்ற அமெரிக்க நிபுணர், அவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது கீழ்த்தாடை பின்தங்கியிருப்பதே என்று 1981-ல் எழுதினார்.

பிள்ளையை நல்ல வெளிச்சத்தில் நிற்க வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். சும்மா இருக்கும்போது உதடுகள் இயல்பாக மூடியிருக்கின்றனவா? அல்லது மூடுவதற்கு மோவாய்த் தசையைச் சுருக்கிப் பாடுபட வேண்டியிருக்கிறதா? கீழுதடு மேல் முன்பற்களுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொள்கிறதா? கடைவாய்ப் பற்களை நன்றாகக் கடிக்கச் சொல்லிவிட்டு, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றால் இயல்பானது. சாதாரணப் பென்சிலின் பருமன் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். அந்த அளவு இடைவெளி இருந்தால் நிபுணரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்வரை கீழ்த்தாடையை மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லுங்கள். அப்போது முகத்தின் பக்கவாட்டுத் தோற்றம் நன்றாகத் தெரிந்தால் குறை பெரும்பாலும் கீழ்த்தாடையில் இருக்கிறது. முன்னைவிட மோசமாகத் தெரிந்தால் மேல்தாடையோ மேல் பற்களோதான் காரணம். நாங்களும் முதல் நாள் இதைத்தான் செய்கிறோம். பிறகுதான் எக்ஸ்ரே, அளவுகள் எல்லாம்.

தாடை ஏன் பின்தங்குகிறது?

பச்சிளங் குழந்தைகள் எல்லோருக்குமே கீழ்த்தாடை சற்றுப் பின்னால்தான் இருக்கும். பிறகு அது வேகமாக வளர்ந்து மேல்தாடையை எட்டிப் பிடித்துவிடும். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று பாட்டிமார் சொல்வது அந்த வயதுக்கு உண்மைதான். ஆனால் எட்டு ஒன்பது வயதில் தெளிவாகப் பின்தங்கியிருக்கும் தாடை பெரும்பாலும் தானாகச் சரியாவதில்லை.

முதற்காரணம் பரம்பரை. அப்பாவின் அல்லது அம்மாவின் பழைய புகைப்படத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நிலைப்பற்கள் முளைத்த பிறகும் நீடிக்கும் கட்டைவிரல் சூப்பும் பழக்கம் மேல் பற்களை முன்னால் தள்ளிக் குறையைக் கூட்டும். மூக்கடைப்பு, அடினாய்டு அல்லது டான்சில் வீக்கத்தால் எப்போதும் வாயைத் திறந்தே மூச்சுவிடும் பிள்ளைகளிடமும் இக்குறையைக் காண்கிறோம். இரவில் குறட்டை விடும், தூக்கத்தில் மூச்சுத் திணறும் பிள்ளையை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றொரு காரணம் அரிதானது. ஆனால் அலட்சியம் செய்யக்கூடாதது. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஒரு மூட்டு அசைவது தெரியும். கீழ்த்தாடை வளர்வதற்கு முக்கியமான இடம் அந்த மூட்டின் முனைதான். சிறு வயதில் மாடிப்படியிலோ மொட்டை மாடியிலோ விழுந்து மோவாயில் அடிபட்டால், அடி அந்த மூட்டைத் தாக்கக்கூடும். மோவாயில் இரண்டு தையல் போட்டு எல்லோரும் மறந்துவிடுவார்கள். சில மாதங்கள் கழித்து வாய் முழுதாகத் திறக்காமல் போகும். மூட்டு இறுகிவிட்டால் தாடையின் வளர்ச்சியும் நின்றுவிடும். மோவாயில் பலமாக அடிபட்ட குழந்தையின் வாய் எவ்வளவு திறக்கிறது என்று அவ்வப்போது கவனியுங்கள். திறப்பு குறைந்துகொண்டே வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

அழகு மட்டும்தானா?

"ஆண் பிள்ளைதானே, அழகு பார்த்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்ட தந்தையர் உண்டு. அழகை விட்டுவிடுவோம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பல், உதட்டின் பாதுகாப்பு இல்லாத பல். சைக்கிளிலிருந்து விழுந்தாலும், கிரிக்கெட் பந்து பட்டாலும், பள்ளித் தாழ்வாரத்தில் இன்னொரு பிள்ளையின் தலை மோதினாலும் முதலில் உடைவது அதுதான். சிலருக்குக் கீழ் முன்பற்கள் உயரமாக வளர்ந்து மேலண்ணத்தைக் குத்திப் புண்ணாக்கும். பள்ளியில் கேலி என்பது தனித் துன்பம். வேற்று மொழி பேசும் வகுப்பில் ஏற்கெனவே தயங்கித் தயங்கிப் பேசும் நம் பிள்ளைக்கு, வாயைத் திறக்க இன்னொரு தயக்கம் சேர்ந்துகொள்கிறது.

இங்கே ஒரு முதலுதவியையும் சொல்லிவிடுகிறேன். நிலைப்பல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் அதன் வேரைத் தொடாமல், வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் ஒரு கணம் கழுவி, அதே குழியில் வைத்துக் கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு தம்ளர் பாலில் போட்டுக்கொண்டு உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். அரை மணிக்குள் போனால் பல் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பால் பல்லாக இருந்தால் திரும்ப வைக்கக்கூடாது.

வளர்ச்சிக்கு ஒரு பருவம்

பிள்ளைகள் ஒரே சீராக வளர்வதில்லை. பருவமடையும் காலத்தை ஒட்டித் திடீரென உயர்கிறார்கள். ஜூனில் தைத்த சீருடை டிசம்பரில் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். கீழ்த்தாடையும் ஏறத்தாழ அதே சமயத்தில்தான் வேகமாக வளர்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக 10 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 12 முதல் 15 வயதுக்குள்ளும் இது நிகழும். பிள்ளைக்குப் பிள்ளை முன்பின்னாக இருக்கும். நாங்கள் தேடுவது இந்தப் பருவத்தைத்தான்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒன்றைத் தெளிவாக மனத்தில் வைக்க வேண்டும். பெண் பெரியவளாகும் நேரத்தில் இந்த வேகமான வளர்ச்சியின் உச்சம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். அதன்பின் வளர்ச்சி இருக்கும். ஆனால் வேகம் தணிந்துகொண்டே வரும். எனவே பெண்ணை அதற்கு முன்பே காட்டுவது நல்லது. நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. "கல்யாணப் பேச்சு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று இருபது வயதுவரை காத்திருக்கிறோம். பையனை வேண்டுமானால் ஓரிரு ஆண்டு பொறுத்துப் பார்க்கலாம். பெண்ணுக்கு அந்த அவகாசம் கிடையாது.

பருவத்தை எப்படிக் கணிப்பது? தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புகளின் வடிவத்தைப் பார்த்து ஓரளவு சொல்ல முடியும். பெற்றோரும் உதவலாம். பள்ளி முன்னேற்ற அட்டையில் உயரம் எழுதும் கட்டம் இருந்தால், பழைய அட்டைகளைக் கொண்டுவந்து காட்டுங்கள். கதவு நிலையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பென்சிலால் கோடு போட்டு வைத்தாலும் போதும்.

சாதனம் எப்படி வேலை செய்கிறது?

கீழ்த்தாடையை முன்னால் நிறுத்தி வைத்து வளரவிடும் எண்ணம் நூறாண்டுகளுக்கும் மேல் பழையது. டென்மார்க்கைச் சேர்ந்த விக்கோ ஆண்ட்ரேசன் என்ற பல் மருத்துவர் 1908-ல் தம் மகளின் பல்லில் இருந்த கம்பிகளைக் கோடை விடுமுறைக்காகக் கழற்றினார். அதற்குப் பதிலாக, கீழ்த்தாடை முன்னால் வந்து கடிக்கும்படி ஒரு தகட்டைச் செய்து இரவில் அணியக் கொடுத்தார். விடுமுறை முடிந்து பார்த்தபோது கடி நன்றாகத் திருந்தியிருந்தது. பின்னர் அவர் நார்வேயில் கார்ல் ஹாயுப்ல் என்பவருடன் சேர்ந்து அதை முறையான சிகிச்சையாக வளர்த்தார்.

இன்று நம் நாட்டில் பெரிதும் வழங்கும் சாதனம் 'ட்வின் பிளாக்'. ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977-ல் இதை உருவாக்கினார். சக மருத்துவர் ஒருவரின் மகன் விழுந்து அவனுடைய மேல் முன்பல் பிடுங்கிக்கொண்டது. பல்லைத் திரும்ப வைத்தார்கள். ஆனால் கீழுதடு அதன் பின்னால் போய் நெம்பிக்கொண்டே இருந்தது. தாடையை உடனே முன்னால் நிறுத்த வேண்டும். அதுவும் நாள் முழுதும், சாப்பிடும்போதும்கூட. அந்தத் தேவையில் பிறந்ததுதான் இது.

மேல் வரிசைக்கு ஒரு தகடு, கீழ் வரிசைக்கு ஒரு தகடு. இரண்டிலும் சரிவான மேடைகள் உண்டு. வாயை மூடினால், ஒரு சரிவு மற்றொன்றின்மேல் வழுக்கிக் கீழ்த்தாடையை முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். பின்னால் கடிக்க வழியே இல்லை. இப்படி ஏறத்தாழ ஒன்பது மாதம் முதல் ஓராண்டு. அதன்பின் பற்களை ஒழுங்குபடுத்த வழக்கமான கம்பி, ஓர் ஆண்டு அல்லது ஒன்றரை ஆண்டு. முடிவில் நிலைநிறுத்தும் தகடு. ஆக, மொத்தம் இரண்டரை மூன்று ஆண்டுப் பணி இது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

இங்கே உண்மையைச் சொல்ல வேண்டும். விலங்குகளில் செய்த சோதனைகள் தாடை எலும்பையே நீளமாக வளர்த்துவிடலாம் என்ற பெரும் நம்பிக்கையைத் தந்தன. பிள்ளைகளில் கிடைக்கும் பலன் அவ்வளவு இல்லை. இங்கிலாந்தில் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் ட்வின் பிளாக் கொண்டு நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பல் இடைவெளி குறைந்ததில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் எலும்பின் மாற்றம். மீதி முக்கால் பங்கு பற்களின் நகர்வு. அப்படியும் கடி பொருந்துகிறது, உதடு மூடுகிறது, முகம் திருந்துகிறது. ஆனால் "தாடையை இவ்வளவு வளர்த்துத் தருகிறேன்" என்று அளவு போட்டு வாக்குக் கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்தால் தாடை வளரும் என்று கைபேசியில் வரும் காணொளிகளை நம்பிப் பருவத்தைக் கோட்டை விடாதீர்கள்.

ஏழு எட்டு வயதிலேயே தொடங்கலாமா என்று ஆவலுள்ள பெற்றோர் கேட்கிறார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சீக்கிரம் தொடங்கியவர்களுக்கும் பருவ வயதில் ஒரே கட்டமாகச் செய்தவர்களுக்கும் இறுதிப் பலனில் பெரிய வேறுபாடு இல்லை. ஒரே ஒரு தெளிவான நன்மை, முன்பல் அடிபடுவது குறைகிறது. ஆகவே பல் மிகவும் நீட்டிக்கொண்டிருந்தாலும், கேலியால் பிள்ளை மனம் ஒடிந்திருந்தாலும் முன்கூட்டித் தொடங்குவதில் பொருள் உண்டு. மற்றவர்கள் எட்டு வயதில் ஒரு முறை காட்டி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கவனித்து, பருவம் வந்ததும் தொடங்கினால் போதும்.

அணிய வேண்டியது பிள்ளை

கழற்றி மாட்டும் சாதனம் வாயில் இருந்தால்தான் வேலை செய்யும். டப்பாவில் இருந்தால் செய்யாது. இங்கிலாந்தில் நடந்த மற்றோர் ஆய்வில் ட்வின் பிளாக் அணிந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சிகிச்சையை முடிக்கவில்லை. அணிய மறுக்கும் பிள்ளைக்குப் பல்லோடு ஒட்டிவிடும் சாதனமும் உண்டு. ஜெர்மனியின் எமில் ஹெர்ப்ஸ்ட் 1905-ல் அறிமுகப்படுத்தி, மறக்கப்பட்டு, 1979-ல் ஸ்வீடனில் பான்செர்ஸ் என்பவரால் மீண்டும் வழக்கத்துக்கு வந்தது அது. செலவு கூடும், சில நேரம் உடைவதும் உண்டு.

முதல் வாரம் சிரமம்தான். எச்சில் ஊறும், காதோரத் தசை வலிக்கும், பேச்சு குழறும். நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தகராறு செய்யும் ழகரம் இன்னும் சற்று தகராறு செய்யும். இரண்டு வாரத்தில் எல்லாம் பழகிவிடும். அதுவரை இட்லி, தயிர்சாதம், ரசம்சாதம் போன்ற மெத்தென்ற உணவே கொடுங்கள். முறுக்கு, சீடை, ஒட்டும் மிட்டாய் வேண்டாம். தகட்டைக் குளிர்ந்த நீரில் பிரஷ்ஷால் தேயுங்கள். வெந்நீரில் போட்டால் வடிவம் கெடும். கழற்றினால் டப்பாவில்தான் வைக்க வேண்டும். காகிதத்தில் சுற்றி மேஜையில் வைத்த தகடு குப்பைக்குப் போவது வழக்கமான கதை. திட்டுவதைவிட, எத்தனை மணி நேரம் அணிந்தான் என்று நாள்காட்டியில் பிள்ளையையே குறிக்கச் சொல்வது நன்றாகப் பலன் தருகிறது.

மாற்றலாகிப் போகிறவர்களுக்கு

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது முக்கியம். மூன்றாண்டுச் சிகிச்சையும் மூன்றாண்டுக்கு ஒரு மாற்றல் உத்தரவும் ஒன்றோடொன்று மோதுகின்றன. பாதியில் விட்ட சிகிச்சையோடு வேறு ஊரிலிருந்து இங்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். கையில் ஒரு சீட்டுகூட இருக்காது.

தொடங்கும் முன்பே மாற்றல் வாய்ப்பை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். புறப்படும்போது தொடக்க எக்ஸ்ரே, புகைப்படங்கள், பல் அச்சு, சிகிச்சைத் திட்டம், இதுவரை செய்தவை, கட்டிய தொகை ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல் அச்சை லாரியில் ஏற்றும் மூட்டையில் போடாமல் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். சுண்ணாம்புக்கட்டி போல உடையும். போகும் ஊரில் பல் மருத்துவக் கல்லூரி இருந்தால் அதன் பற்சீரமைப்புப் பிரிவில் தொடரலாம்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதும் கவனம் தேவை. ஆண்ட்ரேசனின் மகளுக்கு விடுமுறையில் நன்மை விளைந்தது. நம் பிள்ளைகளோ தாத்தா வீட்டில் ஒன்றரை மாதம் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறார்கள். "பாவம், குழந்தை சாப்பிடட்டும்" என்று பாட்டியும் சேர்ந்துகொள்வார். போகும் முன் பாட்டிக்கும் விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

பருவம் கடந்துவிட்டால்?

வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். குறை சிறிதென்றால் மேலே இரண்டு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து, முன்பற்களைப் பின்னுக்கு நகர்த்தலாம். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை கெடும் என்பது வெறும் பேச்சு. குறை பெரிதென்றால் வளர்ச்சி முழுதும் நின்றபின், ஏறத்தாழ 18 வயதுக்கு மேல், அறுவை சிகிச்சையால் கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவரலாம். நல்ல சிகிச்சைதான். ஆனால் மயக்க மருந்து, மருத்துவமனை, செலவு எல்லாம் உண்டு. உரிய வயதில் ஒரு தகட்டால் முடிந்திருக்கக்கூடியதை அறுவைக் கூடம்வரை கொண்டுபோவானேன்?

யாரிடம் போவது? பி.டி.எஸ். படிப்புக்குப் பின் பற்சீரமைப்பில் மூன்றாண்டு எம்.டி.எஸ். முடித்தவரே இதற்கு உரியவர். தில்லியில் எய்ம்ஸிலும் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனத்திலும் இப்பிரிவு உண்டு. மும்பை, கொல்கத்தா அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் தனியாரைவிடச் செலவு வெகு குறைவு.

எட்டு வயது நிறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் ஓரம் நிற்க வைத்துப் பக்கவாட்டில் ஒரு முறை பாருங்கள். ஐயம் இருந்தால் காட்டுங்கள். சங்கம் ஒரு நாள் இடம் ஒதுக்கினால் நம் பிள்ளைகளைப் பரிசோதித்துச் சொல்ல நானும் வருகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். பிள்ளைகளின் உயரம் எழுதிய பள்ளி அட்டைகளை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.